துவைக்காத சட்டை

எனக்கு நாய் பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு வேண்டியிருந்தது நாய் இல்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது எழுந்து வர ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை, அதனால் நாய்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சுருக்கமாகச் சொன்னால் மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. இதற்கு மாதம் பிறந்தால் சம்பளம், வருடம் முடிந்தால் ஒரு கேடயம். கேடயங்களை வைக்க வீட்டில் இடமில்லை என்று மனைவி அவற்றை அரிசி டிரம்முக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறாள்.

ஆறரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருவேன். சோபாவின் ஒரு முனையில் மனைவி தொலைக்காட்சித் தொடரில் இருப்பாள். மறுமுனையில், பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் போனில் இருப்பாள். உட்கார்ந்திருப்பது இரண்டு பேர், ஓடுவது இரண்டு ஃபேன். ஆளே இல்லாத சமையலறையில் விளக்கு எரியும், குழாய் சொட்டும். செருப்பு வைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கிப் போட்டிருக்கிறேன். செருப்புகள் அதைச் சுற்றிக் கிடக்கும், அதற்குள் ஒன்றும் இருக்காது. இவ்வளவையும் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவேன். ஒருத்தியும் தலையைத் தூக்கமாட்டாள். "காபி ஃப்ளாஸ்க்ல கீது" என்று ஒரு குரல் வரும். அது மனைவி. எழுந்துகொள்வது மகள் ஒருத்திதான், அதுவும் தன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள.

ஆலையில் உலைப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போனில் வீடியோ காட்டினார். அவர் வீட்டுக் கதவு திறக்கிறது. அரிசி மூட்டை அளவுக்கு ஒரு லாப்ரடார் பாய்ந்து வந்து அவர்மேல் ஏறி, முகமெல்லாம் நக்கி, கீழே விழுந்து புரண்டு மறுபடி ஏறுகிறது. இவர் அனுப்பும் சரக்கில் பாதியை நான் திருப்பி அனுப்புகிறேன். மேனேஜர் இவரைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். இவருக்கு வீட்டில் இப்படி ஒரு வரவேற்பு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஆரம்பாக்கத்தில் ஒரு குடும்பம் வீட்டிலேயே வளர்த்துக் கொடுக்கிறார்கள், பண்ணை கிண்ணை எல்லாம் இல்லை, ஆனால் அந்த அம்மா எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டார் என்றார். நமக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரயிலேறினோம். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நெல் வயலை ஒட்டி மாடி இல்லாத சின்ன வீடு. அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர். ஐந்து குட்டிகளையும் அந்த அம்மா பொதுவாக "நைனா" என்றுதான் கூப்பிட்டார், ஐந்தும் ஓடிவந்தன. கூடத்தின் நடுவிலேயே தாய் நாய் படுத்திருந்தது. குட்டிகள் டி.வி. ஸ்டாண்டுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் போய் வந்துகொண்டிருந்தன.

"சத்தத்துக்கு பயந்துக்காது சார். குக்கரு, மிக்ஸி, தீவாளி வெடி, எங்க ஊட்டு சண்ட, எல்லாத்தையும் கேட்டு வளந்தது" என்றார் அந்த அம்மா.

நான் என் வேலையைத் தொடங்கினேன். தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். தாயின் வயசு, தகப்பன் எந்த ஊர், இதற்கு முன்னால் எத்தனை ஈற்று என்று கேட்டேன். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தேன், காதை மடக்கிப் பார்த்தேன், காலை நீட்டிப் பார்த்தேன். ஒன்றுக்குத் தொப்புளில் லேசான வீக்கம் இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன். மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். அந்த அம்மா நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

"முடிஞ்சிதா சார்? இப்ப நான் கேக்குறேன், குந்துங்க."

தரையில் உட்கார்ந்தேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கேட் இருக்கிறதா, நாயைக் கட்டிப்போடுவீர்களா, ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள், இதற்கு முன் எதையாவது வளர்த்துப் பாதியில் விட்டீர்களா. வாழ்நாளில் எத்தனையோ சப்ளையர்களை உட்காரவைத்து நான் கேள்வி கேட்டிருக்கிறேன். எதிர்ப்பக்கம் உட்கார்வது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

"நாயி எதுக்கு சார் உங்களுக்கு?"

"பாதுகாப்புக்கு."

"அதுக்கு கேமரா வாங்கி மாட்டிக்கலாமே."

"பொண்ணு ஆசப்படுது."

"நான் கேக்கவே இல்லியே" என்றாள் மகள்.

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மானம் போனது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் உண்மையும் வந்துவிட்டது. "டூட்டி முடிச்சி ஊட்டுக்கு வந்தா எழுந்து வர ஒரு ஜீவன் இல்லம்மா. அதுக்குத்தான்" என்றேன். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி சார். இன்னும் மூணு ஞாயித்துக்கெழம வாங்க. வந்து இதே மாதிரி தரையில குந்துங்க, ஃபோன எடுக்காதீங்க. அடுத்த வாட்டி வரும்போது நீங்க போட்டுக் கழட்டுன சட்ட ஒண்ணு எடுத்தாங்க. தொவைக்காதது. குட்டி அதுமேல படுத்து தூங்கட்டும். அம்மா வாசனையோட உங்க வாசனையும் சேந்துக்கும். நான் எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கறது."

வீக்கமில்லாத குட்டி ஒன்றை நான் காட்டினேன். அவர் வீக்கமுள்ளதைத்தான் கொடுப்பேன் என்றார். வளர வளர அது தானாகச் சரியாகிவிடுமாம். என் மடியில் ஏறியது அது ஒன்றுதானாம். ஏறியதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டையை எடுத்துவைத்தவள் மனைவி. அதை முந்தின நாளே துவைத்து, வாசனை வரும் நீலத் தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டு, ஜவுளிக்கடைப் பையில் வைத்து, கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வைத்திருந்தாள். துவைக்காதது வேண்டும் என்று சொன்னார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். "அழுக்குத் துணிய ஒருத்தர் ஊட்டுக்கு குடுத்தனுப்புனா நம்மள இன்னான்னு நெனப்பாங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். ஆரம்பாக்கத்தில் அந்த அம்மா சட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வாழைப்பழத்தை வைத்துக்கொண்டார்.

இனி இந்த விஷயத்தில் யாரையும் நம்பக்கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும், உடை மாற்றும் அறையில் கொக்கியில் தொங்கிய என் நீல யூனிஃபார்ம் சட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, நாற்றம் பிரமாதம். இவ்வளவு உழைக்கிறோமா என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "இது சட்ட" என்றார். குட்டியின் படுக்கையில் விரித்தார். அது நாலு சுற்று சுற்றி, காலரில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. என் கண் கலங்கிவிட்டது. தூசி என்றேன்.

மூன்றாவது ஞாயிறு குட்டியையும் சட்டையையும் சேர்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை. "ஒரு மாசம் பாப்பேன் சார். ஒத்துவரலன்னா எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடணும். வேற யாருக்கும் தூக்கிக் குடுக்கக்கூடாது." நான் சிரித்தேன். என் சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் குட்டி எனக்கு ஒத்துவராதா?

வந்த மறுநாள் திங்கட்கிழமை. வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பி வந்தேன். கதவைத் திறந்தேன். குட்டி மகளின் மடியில் இருந்தது. என்னைப் பார்த்தது. இறங்கியது. வருகிறது என்று குனிந்து கையை நீட்டினேன். அது நேராகச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய், அங்கே விரித்திருந்த என் சட்டையின்மேல் படுத்துக்கொண்டு, யார் இந்த ஆள் என்பதுபோல என்னைப் பார்த்தது.

புது இடம், பழகிவிடும் என்றாள் மனைவி. இரண்டு வாரம் பழகியது. நாய் என்றாலே வேண்டாம் என்று சொன்ன மனைவி சமையலறையில் எங்கே திரும்பினாலும் அவள் காலுக்குள் நின்றது. மகளின் பள்ளிப் பையில் தலையை விட்டுத் தூங்கியது. பால் பாக்கெட் போடுகிறவரிடம், கேஸ் கொண்டுவருகிறவரிடம், எதிர்வீட்டுக்காரர் தெரியாமல் உள்ளே விட்ட பூனையிடம், எல்லோரிடமும் வாலாட்டியது. லாப்ரடார் திருடன் வந்தால்கூட வாலாட்டும் என்று சொன்னார்கள். திருடனாக வந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது எனக்கு. ஆறரை மணிக்கு நான் கதவைத் திறந்தால் மேஜைக்கு அடியில்.

சாயங்காலம் வீட்டில் குறைந்தது மூன்று இடத்தில் ஈரம் இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒன்று, டி.வி.க்குக் கீழே ஒன்று, மூன்றாவது எங்கே என்று தேட வேண்டும். செய்தித்தாள் விரித்து வைத்தால் மிகச் சரியாக அதன் ஓரத்தில் போகும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவியும் மகளும் நிரப்பவேண்டும். அவர்கள் நிரப்பவில்லை. அதைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

குட்டி வந்து இரண்டு வாரம் ஆன ஞாயிற்றுக்கிழமை, ஆலையில் கிரேன் ஓட்டுபவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தார். என் வயசுதான், என் உயரம்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படி தாண்டினார், அவ்வளவுதான். குட்டி எங்கிருந்தோ பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. கீச்சிட்டுக் கத்தியது, வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தது, ஆனந்தம் தாங்காமல் அங்கேயே ஒன்றுக்குப் போனது. அவர் "அட, அட, இன்னாடா இது" என்று சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அவர் மடியில் ஏறி, தோளில் ஏறி, கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டது.

உலைப் பகுதிக்காரரின் வீடியோ என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்தது நான் இல்லை.

அவர் கண் மேஜைக்கு அடியில் போனது. "சார், அது நம்ம கம்பெனி சட்டதானே?"

"என்னோட சட்ட. குட்டிக்குப் போட்டிருக்கேன்."

"கொஞ்சம் எடுத்துக் காமிங்க சார்." காலரின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கருப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை தைத்திருந்தது. "எங்க ஊட்ல தெச்சது சார். ஒரு சனிக்கெழம என் கொக்கியில இருந்த சட்ட காணோம். உங்க கொக்கியில இருந்தது மட்டும் தொங்கினு இருந்துது, பாக்கெட்டுல செவப்பு பேனாவோட. சரி, நீங்கதான் மாத்தி எடுத்துக்கினு போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"அப்பவே கேக்கறதுக்கு இன்னா?"

அவர் குட்டியின் காதைத் தடவினார். "கேட்டா ஏன் பாத்து மாட்டலன்னு என்னத்தான் திட்டுவீங்க."

ஒவ்வொரு கம்பிக் கட்டும் எந்த உலையில், எந்த வேளையில் வார்த்தது என்று சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட விடாதவன் நான். என் சட்டை மறுவாரமும் கொக்கியிலேயே தொங்கியதை நான் கவனிக்கவில்லை. ஏ.சி. ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவ்வளவு வேர்வை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அந்த மரியாதை கிரேன்காரருக்குச் சேரவேண்டியது.

ஆனாலும் ஒரு நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டது, குறை என்னிடம் இல்லை, சட்டையில். காரணம் தெரிந்தால் சரிசெய்துவிடலாம். திங்கட்கிழமை கிரேன்காரரிடம் அன்று போட்டிருந்த சட்டையைக் கேட்டு வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் கொடுத்தார். கேட்டுக்கு வெளியே நின்று அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். குட்டி துள்ளி எழுந்தது. ஓடிவந்தது. சட்டையை மோந்தது. பிறகு தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தது. அதன் வால் ஆடுவதை நான் கண்ணால் பார்த்தேன், நிற்பதையும் பார்த்தேன். திரும்பி மேஜைக்கு அடியில் போய்விட்டது.

"பேஜாரா கீது, மொதல்ல அதக் கழட்டுங்க" என்றாள் மனைவி.

அன்றே ஆரம்பாக்கத்துக்குப் போன் செய்தேன். சப்ளையரிடம் பேசும் குரலில் பேசினேன். சட்டை மாறிப்போனது, குட்டி என்னிடம் வரவில்லை, உங்கள் முறையில் கோளாறு இருக்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள். அந்த அம்மா கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தார். குட்டி அவர்மேல் விழுந்து புரண்டதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, வளர்த்தவர். ஒரு டம்ளர் மோர் குடித்தார். பிறகு என்னிடம், "சார், நீங்க டூட்டி முடிஞ்சி வர மாதிரி வெளிய போயிட்டு உள்ள வாங்க" என்றார்.

"எதுக்கும்மா?"

"வாங்களேன், பாக்கலாம்."

காலை பதினொரு மணிக்கு, கைலியோடு, தலையில் ஹெல்மெட்டோடு என் வீட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். உள்ளே வந்தேன். "மறுபடி" என்றார் அந்த அம்மா. மறுபடி போய் வந்தேன். "இன்னொரு வாட்டி." மூன்றாவது முறை வந்தபோது குட்டி மேஜைக்கு அடியில் இருந்தது.

"போதும் சார். உள்ள வந்ததும் எங்க பாத்தீங்க?"

"நாயத்தான்."

"இல்ல. மொத வாட்டி கதவுக்குப் பின்னால பாத்தீங்க, அது ஒண்ணுக்குப் போயிருக்குதான்னு. ரெண்டாவது வாட்டி சமையக்கட்டு லைட்ட பாத்தீங்க. மூணாவது வாட்டி என் செருப்ப பாத்தீங்க, ஸ்டாண்டுல வைக்கலன்னு." அவர் குரலில் கோபம் எல்லாம் இல்லை. "அது மூணு வாட்டியும் உங்க மூஞ்சியத்தான் சார் பாத்துது. நீங்க அத ஒரு வாட்டிகூட பாக்கல."

"அப்ப கிரேன்காரருகிட்ட ஏன் ஓடுச்சி? சட்டதானே?"

"சட்ட வாசனலாம் மொத நாலு நாளைக்கி சார். அவரு வந்ததும் இன்னா பண்ணாரு?"

"தரையில குந்துனாரு" என்றாள் மகள்.

"உங்களக் கண்டு அதுக்கு பயமில்ல. நீங்க வந்தா ஊட்ல ஏதோ தப்பு நடந்துகீதுன்னு புரிஞ்சிக்கிச்சி. தப்பு பண்ணது தாந்தானோன்னு போயி பூந்துக்குது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மகள், போனைப் பார்த்தபடியே, "நான் ரூமுக்குப் போறதும் அதுக்குத்தாம்ப்பா" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். "சும்மா இருடீ" என்ற மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் எதுவும் வரவில்லை. நான் பார்க்காவிட்டால் இந்த வீட்டில் வேறு யார் பார்ப்பது என்று பொதுவாகக் கேட்டேன்.

அந்த அம்மா கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம வரேன் சார். சரியாவலன்னா கூட்டிக்கினு போயிடறேன். இந்த வயசுல டேபுளுக்கு அடியில பழகிச்சின்னா அப்பறம் எந்த ஊட்ல வுட்டாலும் அங்கதான் கெடக்கும்" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். சிபாரிசு செய்யவோ கெஞ்சவோ இடமில்லாத குரல் அது. நானே பல வருடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன்.

ஆறு நாள் இருந்தது. குட்டி போய்விடும் என்பது மட்டும் இப்போது பிரச்சினை இல்லை. அது போய்விட்டால், ஏன் போனது என்று தெரிந்த இரண்டு பேரோடு நான் அந்த வீட்டில் இருக்கவேண்டும்.

குறை தேடாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். திங்கட்கிழமை "அந்த ஃபேன" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன், அதற்குள் குட்டி உள்ளே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு வார்த்தை பேசவில்லை. "வாய் மட்டுந்தாம்ப்பா மூடினு கீது" என்றாள் மகள். புதன்கிழமை ஃபிரிட்ஜில் ஒட்டிய கட்டத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்ததை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே கிழித்தேன். வியாழக்கிழமை மேஜைக்கு வெளியே ஒரு மூக்கு தெரிந்தது. வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. விளக்கு எரியவில்லை, ஃபேன் ஓடவில்லை, குறை சொல்ல வீட்டில் ஒன்றுமே இல்லாத பொன்னான நாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை. ஷூவைக் கழற்றிவிட்டு வாசலில் கொஞ்சம் நின்றேன். முகத்தை மட்டும் பார், வேறு எதையும் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினேன். மனைவியின் முகத்தைப் பார்த்தேன். மகளின் முகத்தைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்தேன். அப்படியே பார்த்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்த ஈரத்தில் என் இடது கால் சாக்ஸோடு இறங்கியது, வழுக்கியது, நிலைக்கதவைப் பிடித்து நின்றேன்.

யாரும் அசையவில்லை. மகள் ரூமுக்குப் போவதற்காக ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தாள். மனைவியின் கையில் ரிமோட் அந்தரத்தில் நின்றது. குட்டி பாதி வெளியே, பாதி உள்ளே. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் இந்த வீட்டில் நான் வரும்போதெல்லாம் இந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வெதுவெதுன்னு கீது" என்றேன். "இப்பத்தான் போயிருக்கும் போல."

மகள்தான் முதலில் சிரித்தாள். ஊன்றிய காலை மறுபடி சோபாவுக்குமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். மனைவி, "அங்கயே நில்லுங்க, நடந்து ஊடு பூரா ஆக்கிடாதீங்க" என்று எழுந்து ஓடிப்போய்த் துணி எடுத்துவந்தாள். துணிக்குப் பின்னாலேயே குட்டியும் வந்தது. பாதி வழியில் துணியை விட்டுவிட்டு என் பக்கமாகத் திரும்பி, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தது. நான் குனிந்து, மனைவியிடம், "குடு, நான் தொடைக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் உடனே கொடுக்கவில்லை. இதிலும் ஏதாவது சொல்லப்போகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிறகு கொடுத்தாள்.